காற்று இறங்கிய பந்தும் குறித்து வைக்காத அளவும்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர், "சார், அமெரிக்காவில் ஒரு பந்து வழக்கில் நீங்கள் நடத்திய வாயு விதிதான் சாட்சியாமே?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவருக்கு நான் சொல்ல வேண்டியதும் இருக்கிறது.

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்பது நாம் உதைத்து ஆடும் ஆட்டம் அல்ல. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. எறியும் முக்கிய ஆட்டக்காரர் குவார்ட்டர்பேக். பந்தில் காற்று சற்றுக் குறைந்தால் அவருக்குப் பிடி நன்றாகக் கிடைக்கும். அதனால் தொழில்முறை லீகான என்எஃப்எல், பந்தின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது.

பொருள்களில் தந்திரம் செய்வது அங்கே புதிதல்ல. ஓக்லாந்து ரைடர்ஸ் அணியின் லெஸ்டர் ஹேய்ஸ் உடம்பெல்லாம் பசை பூசிக்கொண்டு பந்தைப் பிடிப்பார். 1981-இல் லீக் அந்தப் பசையைத் தடை செய்தது. 2006-இல் இன்னொரு மாற்றம் வந்தது. ஒவ்வோர் அணியும் தான் தாக்கி ஆடும்போது தன் சொந்தப் பந்துகளையே பயன்படுத்தலாம். இதைக் கேட்டு வாங்கியவர்களில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் டாம் பிரேடியும் ஒருவர்.

அதே பேட்ரியாட்ஸ் 2007-இல் எதிரணிப் பயிற்சியாளர்களின் சைகைகளை வீடியோ எடுத்துப் பிடிபட்டது. பயிற்சியாளர் பில் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலரும், அணிக்கு 2.5 லட்சம் டாலரும் அபராதம். அன்றிலிருந்து அந்த அணி எதை வென்றாலும், "இதில் என்ன திருட்டுத்தனமோ" என்று பேசுவது வழக்கமாகிவிட்டது.

இனி 2015 ஜனவரி 18-க்கு வருவோம். மாசசூசெட்ஸ் மாநிலம் ஃபாக்ஸ்பரோவில் பேட்ரியாட்ஸுக்கும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கும் போட்டி. வென்றால் சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. பந்துகளில் காற்று குறைக்கப்படலாம் என்று கோல்ட்ஸ் தரப்பு லீகுக்கு முன்கூட்டியே எழுதியிருந்தது. நடுவர் வால்ட் ஆண்டர்சனுக்கும் தகவல் போயிருந்தது. அவர் ஆட்டத்துக்கு முன் பந்துகளைச் சோதித்தார். பேட்ரியாட்ஸ் பந்துகள் ஏறக்குறைய 12.5, கோல்ட்ஸ் பந்துகள் ஏறக்குறைய 13. ஆனால் அந்த எண்களை யாரும் ஒரு தாளில் எழுதி வைக்கவில்லை.

இடைவேளையில் பேட்ரியாட்ஸின் 11 பந்துகளை இரண்டு கேஜ்களால் அளந்தார்கள். எல்லாமே 12.5-க்குக் கீழே. கோல்ட்ஸ் பந்துகளில் நான்கை அளப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பேட்ரியாட்ஸ் பந்துகளுக்குக் காற்று அடித்துக் கொடுத்தார்கள். 17-7 என்று இருந்த ஆட்டம் 45-7 என்று பேட்ரியாட்ஸ் வெற்றியில் முடிந்தது. ஆனாலும் நாடே கொந்தளித்தது. 'டிஃப்ளேட்கேட்' என்று பெயர் வைத்தார்கள். டிஃப்ளேட் என்றால் காற்றை இறக்குவது. வால் வாட்டர்கேட் ஊழலிலிருந்து வந்தது.

இப்போது கணக்கு நோட்டை எடுங்கள். கன அளவு மாறாதபோது வாயுவின் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு நேர் விகிதம். கேஜ் காட்டுவது வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் மட்டும், 14.7-ஐக் கூட்ட மறந்தால் மதிப்பெண் கிடையாது. 12.5-உம் 14.7-உம் சேர்ந்தால் 27.2. அறையில் சுமார் 22 டிகிரி செல்சியஸ், அதாவது 295 கெல்வின். மைதானத்தில் சுமார் 9 டிகிரி, அதாவது 282. பெருக்கி வகுத்தால் 26. மீண்டும் 14.7-ஐக் கழித்தால் 11.3. யாரும் கை வைக்காமலே குளிர் ஒரு பவுண்டுக்கு மேல் இறக்கிவிடும்.

லீக் நியமித்த வழக்கறிஞர் டெட் வெல்ஸின் அறிக்கை மே மாதம் வந்தது. 243 பக்கம். இயற்கையாக இறங்கியிருந்தால் 11.32 முதல் 11.52 வரை இருக்கலாம் என்று அதன் நிபுணர்களே கணித்தார்கள். 11 பந்துகளின் சராசரி ஒரு கேஜில் 11.49, இன்னொன்றில் 11.11. அப்படியானால் ஆட்டத்துக்கு முன் அளந்தது எந்தக் கேஜ்? அதிகமாகக் காட்டும் கேஜைத்தான் பயன்படுத்தியதாகத் தனக்கு நினைவு என்றார் நடுவர். அது சரியென்றால் குற்றமே இல்லாமல் போகலாம். நினைவு தவறாக இருக்கும் என்றது அறிக்கை.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. பந்துப் பையோடு ஓர் ஊழியர் கழிப்பறைக்குள் 1 நிமிடம் 40 விநாடி இருந்தது கேமராவில் பதிவானது. அவர் தன்னையே 'காற்று இறக்குபவர்' என்று சொல்லிக்கொண்ட குறுஞ்செய்தியும் இருந்தது. பிரேடி தன் பழைய செல்போனை அழிக்கச் செய்திருந்தார். கோல்ட்ஸ் பந்துகள் அவ்வளவு இறங்கவில்லை. அவை பிறகு அளக்கப்பட்டதால் அறைச் சூட்டில் ஏறியிருக்கலாம் என்பது மறுதரப்பு வாதம். அறிக்கையின் முடிவு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது. அதற்கு மேல் உறுதி இல்லை.

பிரேடிக்கு 4 ஆட்டத் தடை. அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். செப்டம்பரில் நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் தடையை ரத்து செய்தார். 2016 ஏப்ரலில் மேல் நீதிமன்றம் மீண்டும் விதித்தது. மேல் நீதிமன்றம் ஆராய்ந்தது, தண்டிக்க லீக் தலைவருக்கு ஒப்பந்தப்படி அதிகாரம் உண்டா என்பதைத்தான். காற்றை யார் இறக்கினார் என்பதை அல்ல. பிரேடி தடையை அனுபவித்துத் திரும்பி, அந்த சீசனின் சூப்பர் பவுலில் 28-3 என்று பின்தங்கியிருந்த அணியை 34-28 என்று வெல்ல வைத்தார்.

பிரேடி குற்றவாளியா, நிரபராதியா? எண்களை எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் பாதி வழக்கு அன்றிரவே முடிந்திருக்கும். அது இல்லாத இடத்தைப் பழைய சந்தேகம் நிரப்பியது. 2007-இல் செய்தவன் 2015-இலும் செய்திருப்பான் என்பது மனித இயல்பு. ஆனால் அது அளவீடு ஆகாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? பல வருடங்களுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்பு ஓம் விதிச் செய்முறை. இரண்டு பையன்களின் அளவீடுகள் மட்டும் ஒன்றுபோல், மற்ற எல்லோருடையதிலிருந்தும் விலகி இருந்தன. அதில் ஒருவன் முன்பு ஒரு தேர்வில் பிட்டோடு பிடிபட்டவன். வேறெதுவும் யோசிக்காமல் அவன் ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டேன். வகுப்பின் முன்னால் நிற்க வைத்துத் திட்டினேன். அந்த வருடக் கடைசியில் கருவிகளைச் சரிபார்த்தபோது, அந்த மேசை அம்மீட்டரின் முள் பூஜ்ஜியத்தில் நிற்கவில்லை என்று தெரிந்தது. இருவரும் அதே மேசையில் செய்தவர்கள்.

'பூஜ்ஜியப் பிழையை முதலில் பார்த்து எழுதுங்கள்' என்று வருடா வருடம் உங்களுக்குச் சொன்னவன் நான். அன்று நான் பார்க்கவில்லை. தெரிந்த பிறகும் அவனிடம் சொல்லவில்லை.

அவன் இந்தப் பக்கத்தைப் படிப்பவன்தான். பெயர் எழுதவில்லை, அவனுக்குத் தெரியும். தம்பி, உன் அளவீடுகள் சரியானவை. கருவிதான் பிழை. என்னை மன்னித்துவிடு.

வாழ்க வளமுடன்.
உங்கள் இயற்பியல் ஆசிரியர்