மயிலாடியிலிருந்து நடந்து போனவர்

போன மாதம் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். "வெள்ளைக்காரங்க வந்து படிக்க வைக்கலேன்னா நாம அப்படியேதான் கெடந்திருப்போம்" என்றாள் ஒரு தங்கை. "அரிசிக்கு மதம் மாறுனவங்கதானே" என்று சிரித்தான் ஒரு தம்பி. ஒன்று நன்றி, மற்றது கேலி. ஆனால் இரண்டிலும் நம் முன்னோர் தாமாக எதுவும் செய்யாதவர்கள். அதனால் அன்று அவர்களுக்கு மகாராசனின் கதையைச் சொன்னேன்.

மகாராசனின் ஊர் மயிலாடி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போக வேண்டும். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அவர் பறையர், இன்று சாம்பவர் என்கிறோம். தலைவரியும் கூலியில்லாத ஊழியமும் அந்த மக்களின் அன்றாடம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். நந்தனார் கதை நமக்குத் தெரியும்: அதே கோயிலுக்குள் போக அவர் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. மகாராசன் இறங்கவில்லை. மனநிறைவில்லாமல் திரும்பியவர், தஞ்சாவூரில் உறவினர்களைப் பார்க்கப் போன இடத்தில் கோலோஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

ஊருக்கு வந்து சொந்தக்காரர்களிடம் பேசினார். சிறு கூட்டம் சேர்ந்தது, எதிர்ப்பும் சேர்ந்தது. அவர் மறுபடியும் தஞ்சைக்குப் போனார். எங்கள் ஊருக்கு ஒரு போதகர் வேண்டும் என்று கேட்டார்.

லண்டன் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் தமிழ் படித்துக்கொண்டிருந்தார். வேதமாணிக்கத்தின் அழைப்பு அவருக்குப் போய்ச் சேர்ந்தது. 1806இல் அவர் தெற்கே வந்தார். பாளையங்கோட்டையில் தங்கித் திருநெல்வேலிச் சபைகளைக் கவனித்தார். அந்த ஏப்ரலில் கணவாயைக் கடந்து மயிலாடிக்கும் போனார். 1809இல் அங்கே ஆலயம் எழுந்தது. 1816இல் உடல்நலம் கெட்டு அவர் புறப்பட்டபோது சபைகளை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். 1818இல் மீட் ஐயர் வரும்வரை அவற்றை நடத்தியவர் இந்தப் பறையர்தான்.

இனி அந்தத் தம்பியின் 'அரிசி'க்கு வருவோம். வரியிலிருந்தும் ஊழியத்திலிருந்தும் தப்பலாம் என்ற நம்பிக்கையில் பலர் தன்னிடம் வருவதாக ரிங்கல்தௌபேயே சலித்துக்கொண்டார். உண்மையாகவே இருக்கட்டும். தலைக்கு வரி போட்டு, கூலியில்லாமல் வேலை வாங்கும் ஆட்சியிலிருந்து தப்ப நினைப்பதில் என்ன கேவலம்? மனிதனாக மதிக்கப்பட வேண்டும் என்ற ஆசையையும் சாமியைத் தேடும் ஆசையையும் பிரித்துப் பார்க்கும் வசதி மேல்சாதிக்குத்தான் உண்டு.

தோழர்களே, இதைக் கேட்டுச் சபைகளும் மார்தட்ட வேண்டாம். மதம் மாறியவர்களோடு சாதியும் ஆலயத்துக்குள் வந்தது. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் பிஷப் டேனியல் வில்சன் உத்தரவிட்டார். தஞ்சாவூரில் வெள்ளாளர் பலர் சாதியை விடாமல் அந்தச் சபையை விட்டார்கள். இன்றும் களப்பணிக்குப் போகும்போது, ஒரே வேதம் வாசிக்கிறவர்களுக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்களைப் பார்க்கிறேன்.

அரசும் சளைக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் பட்டியல் சாதித் தகுதி கொடுத்தது. பிறகு 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களான தலித்துகள் இன்றும் வெளியேதான். வேதமாணிக்கத்தின் வழியில் போனவர்களுக்குச் சாதிச் சான்றிதழில் பறையர் என்ற அடையாளம் இல்லாமல் போகிறது. கல்லறைத் தோட்டத்தில் அது அப்படியே இருக்கிறது.

உங்கள் ஊர் ஆலயத்தின் கல்வெட்டில் பெரும்பாலும் துரைமார் பெயர்தான் இருக்கும். பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். பாட்டிமாரிடம் உட்கார்ந்து, யார் முதலில் போய் யாரை அழைத்துவந்தார் என்று கேளுங்கள். கிடைக்கிற பெயர்களை எழுதி வையுங்கள். அந்தத் தங்கை இப்போது அவளுடைய ஊரில் அதைத் தொடங்கியிருக்கிறாள்.