தொலைக் குறியும் தோட்டாக் கொழுப்பும்

1857ஆம் ஆண்டுப் புரட்சி என்றதும் கொழுப்புத் தடவிய தோட்டா நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும் தோட்டாவுக்குக் கொழுப்பு எதற்காக என்னும் வினாவை நாம் எழுப்புவது அரிது. நெடுந்தூரம் சுடுவதற்கு உகந்த துப்பாக்கி எது என ஆங்கிலேயர் தேர்ந்த வரலாற்றிலேயே அதற்கு விடை இருக்கின்றது.

அக்காலத்துத் துப்பாக்கிகளுக்கு மருந்தும் குண்டும் குழலின் வாய்வழியாகவே இடப்பட்டன. பழைய மஸ்கட்டின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதில் குண்டு தளர்வாக உருண்டு இறங்கும். ஆகவே விரைவில் இட்டுச் சுடலாம். ஆனால் 100 கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிபார்த்து வீழ்த்துதல் பெரும்பாலும் தற்செயலே. குழலினுள் திருகுபுரி வெட்டினால் குண்டு பம்பரம்போற் சுழன்று நேரே செல்லும். அப்புரியைக் குண்டு இறுகப் பற்ற வேண்டும். இறுக்கமான குண்டோ, கரி படிந்த குழலில் எளிதில் இறங்காது. 1853ஆம் ஆண்டு மாதிரியான என்பீல்டு இச்சிக்கலை ஒருவாறு தீர்த்தது. அதன் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது. வெடிக்கும்பொழுது விரிந்து புரியைப் பற்றிக்கொள்ளும். குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்புத் தடவினர். அது குண்டு வழுக்கி இறங்கவும், கரி இறுகாதிருக்கவும் உதவிற்று. ஆக, தூரத்தை நாடியவர்க்குப் புரி தேவையாயிற்று. புரியோடு கொழுப்பும் வந்து சேர்ந்தது.

இதனினும் சிறந்த துப்பாக்கியும் அன்று இருந்தது. மான்செஸ்டர் நகரத்து இயந்திர நிபுணர் ஜோசப் விட்வொர்த் அறுகோண வடிவக் குழலொன்றை அமைத்தார். என்பீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம், அவருடையது 0.451. குண்டின் எடை இரண்டிலும் 530 கிரெயின்தான். எடை மாறாமல் விட்டம் குறைந்தமையால் குண்டு நீண்டது. நீண்ட குண்டு காற்றை எளிதிற் கிழித்துச் சென்றது. அது தள்ளாடாதிருக்க, 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வீதம் புரியமைத்தார். என்பீல்டிலோ 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றே. 1857 ஏப்ரலில் ஹைத் என்னும் ஊரில் இரண்டையும் சோதித்தனர். 500 கஜத்தில் என்பீல்டின் சராசரி விலகல் இரண்டு அடிக்கு மேல். விட்வொர்த்தினுடையது அரை அடிக்கும் குறைவு. எனினும் படை அதனை ஏற்கவில்லை. விலை ஏறத்தாழ நான்கு மடங்கு. குறுகிய குழலில் கரியும் விரைவிற் படிந்தது. பந்தயத்துக்கும் படைக்கும் வேண்டுவன வெவ்வேறு. அம்முடிவு தவறென நாம் கருதவில்லை. 1860இல் விம்பிள்டன் பந்தயத்தை விக்டோரியா அரசியார் தொடங்கிவைத்ததும் விட்வொர்த் துப்பாக்கியாலேயே. 400 கஜத்தில் குண்டு நடுக்குறியை ஒட்டிப் பாய்ந்தது. துப்பாக்கி தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தது. அரசியார் இழுத்தது கயிற்றை மட்டுமே!

தேர்ந்தவர்கள் தூரத்தையும் விலையையும் கணக்கிட்டனர். தோட்டாவின் நுனியைப் பல்லாற் கடிக்கப்போகும் சிப்பாயைக் கணக்கிற் சேர்க்கவில்லை. பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் கலந்துள்ளன என்னும் பேச்சு 1857 ஜனவரியில் டம்டம்மில் எழுந்தது. அதை ஐயத்துக்கு இடமின்றி மறுக்க அதிகாரிகளால் இயலவில்லை. சிப்பாய்களே தமக்கு ஏற்ற பொருளைத் தடவிக்கொள்ளலாம் என்றும், பின்னர்க் கையாற் கிழிக்கலாம் என்றும் விதிகளை மாற்றினர். நம்பிக்கையோ அதற்குள் போய்விட்டது. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட்டில் 90 குதிரைவீரருள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அன்று கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்பது குறிப்பிடத்தக்கது. மே 9ஆம் நாள் அவர்களுக்கு விலங்கு பூட்டினர்; மறுநாள் மீரட் கிளர்ந்தெழுந்தது.

அதன்பின் நிகழ்ந்த போர்களில் சிப்பாய்களுள் பெரும்பாலோர் வழுவழுப்பான பழைய குழலையே ஏந்தினர். எதிரே நின்ற ஆங்கிலப் படையினர் கையில் என்பீல்டு இருந்தது. புரட்சி அடங்கியதும் அரசு இந்தியப் படைப்பிரிவுகளுக்கெனத் தனி மாதிரி ஒன்றைச் செய்வித்தது. தோற்றத்தில் அது என்பீல்டுதான். குழலினுள்ளே மட்டும் புரி இல்லை.