கூலிக் கணக்கும் கணினிக் கல்வியும்

திருவாரூர் வட்டாரப் பண்ணைகளில் நம் பாட்டன்மார் மரக்காலால் அளந்த கூலிநெல்லை வாங்கினர். கணக்கோ பிறர் ஏட்டில் இருந்தது. 1952ஆம் ஆண்டுத் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை வரையறுத்தது. ஏட்டைப் படிக்கும் ஆற்றலைப் பள்ளிக்கூடமே தந்தது.

2011இல் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. 2020இல் சென்னை ஐ.ஐ.டி. இணையவழித் தரவு அறிவியல் படிப்பைத் தொடங்கியது. இதற்கு ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டுவதில்லை. நான்கு வாரப் பாடம் பயின்று, அதிலிருந்தே வரும் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பட்டியல் சாதியினர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

இளைஞர்களே, கணினிப் பாடம் அங்கே நேரே பைத்தான் மொழியில் தொடங்குவதில்லை. கடைச் சிட்டைகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டிக் கூட்டவும் ஒப்பிடவும் முதலில் பழக்குகின்றனர். ஆங்கில விரிவுரை நம் பிள்ளைகளுக்குத் தடையே. மாலையில் கூடியமர்ந்து, விளங்கியவர் மற்றவர்க்குத் தமிழில் சொல்லித்தரலாம்.