மருந்தென்னும் நஞ்சு

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கைக் கடந்து கியா பார்முக்கு ஏறுவோரின் கண்முன் காய்கறித் தோட்டங்களும், அவற்றுக்கப்பால் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளும் விரியும். 1885இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலையில், 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அதன் பசுமைக்குத் தமிழ்த் தொழிலாளரின் வியர்வையும் உரமாயிற்று.

தோட்டத் தமிழில் பூச்சிக்கொல்லி தெளிப்பதற்கு ‘மருந்தடித்தல்’ என்று பெயர். பயிருக்கு மருந்தாவது தெளிப்பவனுக்கு நஞ்சாகக்கூடும் என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. அத்தகைய நஞ்சு ஆணின் மகப்பேற்று ஆற்றலையே அழிக்கவல்லது என்பதை 1977ஆம் ஆண்டு உலகம் உணர்ந்தது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாத்ரப் என்னும் ஊரின் ஆலையொன்றில், டி.பி.சி.பி. என்னும் இரசாயனம் கையாளப்பட்டது. வாழை, அன்னாசி முதலியவற்றின் வேரைத் தாக்கும் நூற்புழுக்களை அது ஒழிக்கும். அங்குப் பணிபுரிந்த ஆடவர்கள், தங்களுள் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தமக்குள் பேசிக்கொண்டபோது உணர்ந்தனர். மருத்துவர் ஆராய்ந்தனர். கருத்தடை அறுவை செய்துகொள்ளாத 25 பேருள் 14 பேருக்கு விந்தணு அறவே இல்லை, அல்லது மிகக் குறைந்திருந்தது. அந்நஞ்சை நீண்ட காலம் கையாண்டவர்களே மிகுதியும் பாதிக்கப்பட்டிருந்தனர். வேலையை விட்டபின் சிலர் நலம் பெற்றனர், சிலர் பெறவேயில்லை.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்நஞ்சு எலிகளின் விதைகளைச் சுருங்கச் செய்கிறது என்னும் ஆய்வு 1961இலேயே வெளிவந்திருந்தது. எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேருமோ என்று வினவப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1979இல் அமெரிக்கா இதன் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது. ஆயினும் நடு அமெரிக்க வாழைத் தோட்டங்களில் இதனால் மலட்டுத்தன்மை அடைந்ததாக ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பின்னர் வழக்குத் தொடுத்தனர்.

மலேசியாவில் 1974இல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1994இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் முகமூடியையும் கையுறையையும் தரச் சொல்லலாம். நாணத்தை நீக்க அதனால் இயலாது. குழந்தையில்லா வீட்டில் ‘மலடி’ என்னும் பழிச்சொல் பெண்ணையே முதலில் சுடுகிறது. கணவன் முதுகில் சுமக்கும் தெளிப்பானை எவரும் ஐயுறுவதில்லை. ஆடவன் தன் குறையை வெளியிடக் கூசுகிறான்.

லாத்ரப் தொழிலாளர்கள் அக்கூச்சத்தைக் கடந்து ஒருவரையொருவர் வினவினர். பதினாறு ஆண்டு மறைந்திருந்த உண்மை அதனாலன்றோ வெளிப்பட்டது!