கசந்தால் ஸ்ட்ராங் பீரா? ஐபிஏ-வைச் சுவைத்து அறிவது எப்படி?

"செம கசப்பு, அப்போ செம ஸ்ட்ராங்!" ஜார்ஜ் டவுனில் நண்பர் யாராவது இப்படிச் சொன்னால் நம்பிடாதீங்க. கசப்பு வேறு, போதை வேறு.

ஐபிஏ என்றால் 'இந்தியா பேல் ஏல்'. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பீர்களின் வழிவந்தது. இதில் கசப்பும் மணமும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருகின்றன. ஆல்கஹாலோ, மால்ட்டின் சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்க வைப்பதால் உருவாகிறது.

எப்படிச் சுவைப்பது?

பாருங்கள்: டின்னில் உள்ள தேதி முக்கியம். ஹாப்ஸ் மணம் சூட்டில் சீக்கிரம் போயிடும். பினாங்கு வெயிலில், ஃப்ரிட்ஜுக்கு வெளியே கிடந்த டின் வேண்டாம்.

முகருங்கள்: கிளாஸில் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். ரொம்ப ஜில்லுனு இருந்தால் மணம் தெரியாது. மாம்பழம், பம்பளிமாசு வாசனை வந்தால் நல்லது. ஈர அட்டை வாடை அடித்தால் பழசு.

பருகுங்கள்: சின்ன மடக்கு போதும். மால்ட் இனிப்பு கசப்பைத் தாங்குகிறதா? விழுங்கிய பிறகும் கசப்பு இதமாக நிற்கிறதா, நாக்கைப் பிறாண்டுகிறதா?

நாக்கு ஏமாறும் இடம் எது?

'டபுள் ஐபிஏ'வில் பொதுவாக 7.5 முதல் 10% ஆல்கஹால் இருக்கும். பழ மணமும் இனிப்பும் அதை மறைத்துவிடும். 330 மி.லி. டின் 5% என்றால் சுமார் 13 கிராம் ஆல்கஹால். 8% என்றால் 21 கிராம். அதாவது, மூன்று டின் குடித்தால் கிட்டத்தட்ட ஐந்து சாதாரண பீர் குடித்த கணக்கு!

மலேசியாவில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக்கூடாது. வாகனம் ஓட்டுவோருக்கான வரம்பும் 2020-இல் 100 மி.லி. ரத்தத்தில் 80 மி.கி.-யிலிருந்து 50 மி.கி.-யாகக் குறைக்கப்பட்டது.

அதனால், முதலில் லேபிளைப் படிங்க. மோட்டார் சாவியை வீட்டிலேயே வெச்சிட்டுப் போங்க.