வல்லாளப் போர்: கல் சொல்வதும் நாம் சேர்த்ததும்

சித்தூர் வழியாக வரும் நீவா நதி தெற்கே இறங்கிப் பொன்னையாறு என்று பெயர் பெறுகிறது. அதன் கரையில் உள்ள திருவல்லத்தில், முதலாம் பராந்தக சோழன் 911-இல் இராஷ்டிரகூட மன்னன் இரண்டாம் கிருஷ்ணனை வென்றான் என்று பல வரலாற்றுப் பட்டியல்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. ஊர், ஆண்டு, எதிரி ஆகிய மூன்றும் ஒரே சான்றில் கிடைத்தவை அல்ல.

அடிப்படைச் சான்று, ஹுல்ட்சு பதிப்பித்த சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டு. அது பராந்தகனின் 9-ஆம் ஆட்சியாண்டுக்கு (915–16) உரியது. வல்லாளப் போரில் அவனது சிற்றரசனான கங்கன் இரண்டாம் பிருதிவீபதி காட்டிய வீரத்தை அது பேசுகிறது. போரிட்டவன் உயிரோடிருந்தபோதே பொறிக்கப்பட்ட செய்தி இது. ஆகவே போர் நடந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எதிரியின் பெயர்தான் சிக்கல். பராந்தகன் கிருஷ்ணராஜனை வென்று வீரசோழன் எனப் பெயர் பெற்றதாகக் கூறுவது வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு. அது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிந்தியது. அங்கே களத்தின் பெயர் இல்லை. பராந்தகன் காலத்தில் (907–955) இராஷ்டிரகூட அரியணையில் இரண்டு கிருஷ்ணர்கள் இருந்தனர் என்பதையும் மறக்கலாகாது. மூன்றாம் கிருஷ்ணனிடம் சோழர் 949-இல் தக்கோலத்தில் தோற்றனர். எனவே அந்த வெற்றிப் புகழ், ஏறக்குறைய 914 வரை ஆண்ட இரண்டாம் கிருஷ்ணனுக்கே பொருந்துகிறது. இது வலுவான ஊகம், ஆனாலும் ஊகமே.

தக்கோலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே இராஷ்டிரகூடர் தரப்பு ஆதகூர்க் கல்வெட்டு இராசாதித்தனின் வீழ்ச்சியைச் சொல்கிறது. சோழரின் ஆனைமங்கலச் செப்பேடும் அவன் யானைமேல் மாண்டதை ஒப்புக்கொள்கிறது. தோற்றவன் வாக்குமூலத்தைவிடப் பெரிய சான்று ஏது? வல்லாளத்துக்கு நம் கையில் இருப்பது வென்றவர் குரல் மட்டுமே.

வல்லாளம் திருவல்லமே என்பது பெயரொற்றுமையால் பெறப்பட்டது. கல்வெட்டுகளில் இவ்வூர் தீக்காலிவல்லம். இவ்வட்டாரம் பாணர் நாடு. பராந்தகன் இரு பாண அரசரை வேரறுத்து, பாணாதிராசன் என்ற பட்டத்தைப் பிருதிவீபதிக்கே அளித்ததை உதயேந்திரம் செப்பேடு கூறுகிறது. களம் இங்கே இருந்திருக்கலாம் என்று நான் கருதுவது பெயரைக் காட்டிலும் இந்தச் சூழலால்தான்.

911-ஐ மட்டும் ஏற்க இயலாது. சோளிங்கர்ப் பாறை தருவது ஒரு கீழ்வரம்பே: போர் 915–16-க்குள் முடிந்திருந்தது.