பாஸ்டன் துறைமுகத் தூய்மைப்பணி

பாஸ்டன் துறைமுகத் தூய்மைப்பணி என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நகரக் கழிவுநீரால் கெட்டுப்போன கடற்பகுதியை மீட்க நீதிமன்ற ஆணையின்படி நடந்த பெரும்பணி. 1980களின் நடுவில் தொடங்கிய இப்பணிக்கு ஏறத்தாழ 380 கோடி டாலர் செலவானது. கழிவைத் தொலைவில் விட்டால் கடல் கரைத்துவிடும் என்ற நூற்றாண்டுக்கால நம்பிக்கைக்கு இது முடிவு கட்டியது.

பின்னணி

1884-இல் பாஸ்டன் நகரம் தன் கழிவுநீரை மூன் தீவுக்குக் கொண்டுசெல்லும் கால்வாய் அமைப்பைக் கட்டி முடித்தது. அங்கே தொட்டிகளில் தேக்கிவைத்த கழிவுநீர், கடல் வற்றும் நேரத்தில் திறந்துவிடப்பட்டது. வற்றும் நீர் அதை வெளிக்கடலுக்கு இழுத்துச் செல்லும் என்பது கணக்கு. ஆனால் தீவுகள் சூழ்ந்த அந்தத் துறைமுகத்தில், வெளியே போனதில் ஒரு பகுதி அடுத்த ஏற்றத்தோடு திரும்பி வந்தது.

நட் தீவில் 1952-லும் டீர் தீவில் 1968-லும் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கத் தொடங்கின. இரண்டிலும் நடந்தது முதல்நிலைச் சுத்திகரிப்பு மட்டுமே. கழிவுநீரைத் தேக்கி, அடியில் படியும் கசடையும் மேலே மிதக்கும் எண்ணெய்ப்பசையையும் நீக்குவது இம்முறை. நீரில் கரைந்த கரிமப்பொருள் இதில் பெரும்பாலும் நீங்காது. பிரித்தெடுத்த கசடும் செரிமானத் தொட்டிகளில் பதப்படுத்தப்பட்டபின் துறைமுகத்திலேயே விடப்பட்டது.

சட்டமும் வழக்கும்

1972-ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டம் நகரங்களுக்கு இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கியது. இம்முறையில் நுண்ணுயிரிகள் கரைந்த கரிமப்பொருளை உண்டு அழிக்கின்றன. ஆழ்கடலில் கழிவை விடும் நகரங்கள் விலக்குக் கேட்கலாம் என்று 1977-இல் சட்டம் தளர்த்தப்பட்டபோது, மாசசூசெட்ஸ் நிர்வாகமும் விண்ணப்பித்தது. விண்ணப்பம் 1980களில் மறுக்கப்பட்டது. அதற்குள் ஆண்டுகள் பல கடந்து, நிலையங்கள் பழுதாகிக் கிடந்தன.

1982-இல், கடற்கரை அசுத்தமானதால் பாதிக்கப்பட்ட குவின்சி நகரம் மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிபதி பால் கேரிட்டி தந்த அழுத்தத்தின் விளைவாக, 1984 இறுதியில் மாசசூசெட்ஸ் நீர்வள ஆணையம் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. கட்டணம் விதிக்கவும் கடன்பத்திரம் வெளியிடவும் அதற்கு அதிகாரம் இருந்தது. முன்பிருந்த அமைப்பு ஆண்டுதோறும் சட்டமன்றம் ஒதுக்கும் பணத்தையே நம்பியிருந்தது. கூட்டாட்சி நீதிமன்ற வழக்கில் நீதிபதி டேவிட் மசோன் பணிகளுக்குக் கால அட்டவணை வகுத்து, அதன் நிறைவேற்றத்தைத் தொடர்ந்து கண்காணித்தார்.

பணிகள்

1991 டிசம்பரில் துறைமுகத்தில் கசடு விடுவது நின்றது. கசடு உரமாக மாற்றப்பட்டது. டீர் தீவின் புதிய நிலையம் 1995-இல் இயங்கத் தொடங்கியது. 1997 முதல் இரண்டாம்நிலைச் சுத்திகரிப்பு படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. 1998-இல் நட் தீவு நிலையம் மூடப்பட்டது. 2000 செப்டம்பரில், சுத்திகரித்த நீரை மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்குக் கொண்டுசெல்லும் ஏறத்தாழ 15 கி.மீ. சுரங்கக் குழாய் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில், சுரங்கத்தின் கடைக்கோடியில் அடைப்புகளை அகற்றச் சென்ற மூழ்குநர்கள் இருவர் மூச்சுக்காற்றுக் குறைவால் உயிரிழந்தனர்.

செலவின் பெரும்பகுதி உள்ளூர் மக்களின் தலையில் விழுந்தது. கழிவுநீர்க் கட்டணம் கடுமையாக உயர்ந்து எதிர்ப்பும் கிளம்பியது. மறுபுறம், நைட்ரஜன் மிகுந்த நீர் விரிகுடாவில் பாசியைப் பெருக்கித் திமிங்கலங்களைப் பாதிக்கும் என்று கேப் காட் பகுதியினர் அஞ்சினர். அதனால் விரிகுடாவைத் தொடர்ந்து கண்காணிப்பது குழாயின் அனுமதியில் நிபந்தனையாகச் சேர்க்கப்பட்டது.

விளைவுகள்

துறைமுக நீர் தெளிந்தது. கடலடி உயிரினங்கள் பெருகின. 1980களில் அங்குள்ள தட்டை மீன்களின் ஈரலில் காணப்பட்ட கட்டிகள் பின்னர் மறைந்தன. விரிகுடாவில் அஞ்சிய அளவு பாதிப்பைக் கண்காணிப்பு காட்டவில்லை. வெளியேற்றும் இடம் தள்ளிப்போனதோடு, வெளியேறும் நீரும் தூய்மையானதே இதற்குக் காரணம்.

ஆனால் பழைய பகுதிகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுவதால், பெருமழையில் அது வழிந்து நீர்நிலைகளில் கலந்தது. இதைக் குறைக்கும் 35 பணித்திட்டங்கள் 2015-இல் நிறைவடைந்தன. எனினும் வழிதல் முழுமையாக நிற்கவில்லை.